பட்டாசு இரவில் கைக்குழந்தை எங்கே இருக்க வேண்டும்?

தீபாவளி நெருங்கி அக்டோபர் பிறந்தால் போதும், எங்கள் தெருவில் புதிதாகத் தாயான பெண்கள் ஒவ்வொருவராக என் வீட்டு கேட்டில் வந்து நிற்பார்கள். "ஆன்ட்டி, பேபியை வாணவேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு போகலாமா?" நான் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஒரு பேரனுக்கு ஆயா. அதனால் இதற்குப் பதில் சொல்லும் வேலை தானாகவே என் தலையில் விழுந்துவிட்டது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதிலும் நம் மக்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில், நீங்கள் பட்டாசைப் பார்க்கப் போகாவிட்டாலும் பட்டாசு உங்களைத் தேடி வந்துவிடும். குன்றும் பள்ளமுமான ஊர். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். பக்கத்து வீட்டுப் பையன் கேட்டருகே ஒரு வெடியைப் பற்றவைத்தால் அது உங்கள் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வெடித்த மாதிரிதான். "எங்கேயும் போகவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டோம், குழந்தை பத்திரம்" என்று நினைக்கிறீர்களா? சில தெருக்களில் வீட்டில் இருப்பதுதான் அதிகச் சத்தம். ஆகவே போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை உங்கள் பிள்ளை எந்தச் சுவருக்குள், வெடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கப் போகிறது? அதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் பிள்ளையைப் பாருங்கள்

மூன்று மாதம் நிறையாத பிள்ளைக்கு யோசனையே வேண்டாம். எந்த வேடிக்கைக்கும் கூட்டிப் போகாதீர்கள். சத்தம் கேட்டதும் இரண்டு கைகளையும் விரித்து உதறி அழுகிறதே, அந்தத் திடுக்கிடல் நான்கு முதல் ஆறு மாதத்தில்தான் மெல்ல மறையும். அதுவரை ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு முழுக்க உதறும். அப்புறம் மூச்சு. நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 30 முதல் 60 தடவை விடும். ஒரே புகைக்குள் நின்றாலும் தன் எடைக்கு அது இழுத்துக்கொள்வது நம்மைவிட அதிகம்.

குறைமாதத்தில் பிறந்தது, இளைப்பு (ஆஸ்துமா) உள்ளது, அதற்கு மருந்து இழுக்கும் பம்ப் வைத்திருப்பது, இதயத்தில் கோளாறு உள்ளது, அந்த வாரம் சளி பிடித்தது என்றால் வயது எதுவாக இருந்தாலும் வேண்டாம். ஆலைப் புகையோடு வாழும் மீர்பேங்க், வென்ட்வொர்த் பக்கத்துத் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இளைப்பு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். தீபாவளி சமயத்தில் இங்கே அடிக்கடி மழை, ஈரக் காற்று. காற்று அசையாத இரவில் புகை பள்ளத்திலேயே படுத்துக் கிடக்கும்.

மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆறு மாதத்துக்கு மேல், தூரத்திலிருந்து, கொஞ்ச நேரம் என்றால் சரி. ஏழெட்டு மாதப் பிள்ளை வானத்தைப் பார்ப்பதைவிட உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். நீங்கள் சிரித்தால் அதுவும் சிரிக்கும், நீங்கள் முகம் சுளித்தால் அழும். பட்டாசுக்குப் பயப்படும் அம்மா பிள்ளையை அப்பாவிடமோ சித்தியிடமோ கொடுத்துவிடுவது நல்லது. ஒரு வயதைத் தாண்டி நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குச் சத்தத்தோடு நெருப்பும் ஆபத்து. அது மத்தாப்பை நோக்கி ஓடும்.

வயதோடு அன்றைய பகலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் தமிழ் வீடுகளில் விடிவதற்கு முன்பே எண்ணெய்க் குளியல், விளக்கு, பலகாரம். தென்னாப்பிரிக்காவில் தீபாவளிக்கு அரசு விடுமுறை கிடையாது. லீவு கிடைக்காத தாய் பிள்ளையை கிரெஷ்ஷில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்த் திரும்புவாள். அப்படிப்பட்ட பிள்ளை மாலை ஆறு மணிக்கே சிணுங்கும். மத்தியானம் ஒன்றரை மணி நேரமாவது தூங்கவில்லை என்றால் அன்று இரவுத் திட்டத்தைக் கைவிடுங்கள். வாணவேடிக்கை அடுத்த வருடமும் வரும்.

தூரத்தை முருகனை வைத்து அளப்பது

பெரிய வெடிகளில் சில ஒரு மீட்டர் தூரத்தில் 150 டெசிபலைத் தொடும். கண நேர வெடிச்சத்தம் பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். ஆக அந்த வெடி 10 மீட்டரில் 130, 30 மீட்டரைத் தாண்டினால்தான் 120, 100 மீட்டரில் 110. எங்கள் முற்றங்களில் 30 மீட்டருக்கு எங்கே போவது? இரண்டு பக்கமும் சுவர் இருந்தால் சத்தம் மோதித் திரும்பும், இந்தக் கணக்குகூட நிற்காது. அதுவும் இது காதுக்கு வெளியே உள்ள சத்தத்தின் கணக்கு. குழந்தையின் காதுத் துவாரம் சிறியது, அதற்குள் சில சத்தங்கள் இன்னும் உரத்துப் போகும்.

இதற்குச் சத்தம் அளக்கும் கருவி வேண்டாம். போனில் வரும் டெசிபல் ஆப்பையும் நம்பாதீர்கள். என் மகன் ஒரு தடவை அதைக் காட்டி "எண்பத்தெட்டுதான் அம்மா" என்றான். போனின் மைக் பேச்சுக்குச் செய்தது. கண நேர வெடியின் உச்சத்தை அது பிடிக்காது.

நான் சொல்லித் தரும் வழி இது. வானத்தில் வெளிச்சம் தெரிந்த நொடியில் "ஒன்று முருகா, இரண்டு முருகா, மூன்று முருகா" என்று நிதானமாகச் சொல்லுங்கள். காவடி எடுத்த ஊர், முருகன் பெயர் வாயில் தானாக வரும். ஒரு முருகா ஏறக்குறைய ஒரு நொடி. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மூன்று முருகா முடிந்து வெடி கேட்டால் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இரண்டு முருகாவுக்குக் குறைந்த இடத்தில் நிற்கவே வேண்டாம் என்பது என் கட்டுப்பாடு. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தால் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், திரும்பி நடங்கள்.

மேட்டில் வீடு இருக்கும் உறவுக்காரர்கள் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டு வராந்தாவைவிட நல்ல இடம் கிடையாது. பள்ளத்தில் தெரு தெருவாக எழும்பும் வெளிச்சம் எல்லாம் தெரியும். கண்ணாடிக் கதவை மூடிவிட்டால் சத்தம் பாதி வடிந்துவிடும். அது கிடைக்காவிட்டால் கார். மேட்டில் ஒதுக்குப்புறமாக நிறுத்தி, ஜன்னலை ஏற்றிவிட்டு உள்ளிருந்தே பார்க்கலாம். வண்டி போகும்போது பிள்ளை அதற்கான சீட்டில்தான் இருக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது 2015 மே மாதத்திலிருந்து இங்கே சட்டம். "பக்கத்திலேதானே போகிறோம்" என்று மடியில் வைத்துக்கொள்ளும் பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பண்டிகை இரவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்கள் பக்கத்துத் தெருவிலும்தான் இருக்கிறார்கள்.

பெரிய மைதானங்களில் நடக்கும் தீபாவளி விழாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வாணவேடிக்கை கொஞ்ச நேரம்தான். அதற்கு முன்பு மேடைப் பாட்டும் நடனமும் மணிக்கணக்கில் போகும். குழந்தையின் காதை அங்கே அதிகம் வருத்துவது ஸ்பீக்கர். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அந்தச் சத்தம் சுமார் 85 டெசிபல் அல்லது அதற்கு மேல். உணவுக் கடைகள் பக்கம் போய் பிரியாணி வாங்கிக்கொண்டு, வெளியேறும் வழிக்கு அருகிலேயே இருந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். காரை வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள். எல்லாம் முடிந்து கூட்டத்தோடு கிளம்பினால் அழும் பிள்ளையோடு பார்க்கிங்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

புத்தாண்டு இரவு கடற்கரை? நடு இரவு, கூட்டம், குடி, நகராத வண்டிகள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வேண்டாம். அவ்வளவுதான்.

காதுக்கு என்ன செய்வது

பஞ்சு வைக்காதீர்கள். சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. பிள்ளை பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டால் மூச்சு அடைக்கும். பெரியவர்கள் காதுக்குள் செருகும் பிளக்கும் அப்படித்தான். குழந்தைகளுக்கென்று மெத்தென்ற பட்டையோடு வரும் காதுமூடிதான் சரி. பெட்டியில் எந்த மாதத்திலிருந்து என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். பட்டை உச்சிக்குழியை அழுத்தக் கூடாது. மூடி காதைச் சுற்றி முழுவதும் படிய வேண்டும். நடுவில் தொப்பியோ பூவைத்த ஹெட்பேண்டோ இருந்தால் சத்தம் அந்த இடைவெளியில் புகுந்துவிடும். நன்றாகப் பொருந்தினால் சுமார் 20 டெசிபல் குறையும். அதாவது தூரத்தில் நிற்கும்போது அது உதவி. பக்கத்தில் நிற்பதற்கு அது உரிமம் கிடையாது.

முதன்முதலாக அன்று இரவே மாட்டினால் பிள்ளை பிடுங்கி எறியும். ஒரு வாரம் முன்பிருந்தே விளையாட்டாகச் சில நிமிடம் மாட்டிப் பழக்குங்கள். மாட்டியபடியே தூங்கவைக்காதீர்கள். காதுமூடி இல்லாமல் திடீரென்று வெடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டால் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, ஒரு காது உங்கள் மார்பில் அழுந்தும்படி வைத்து, இன்னொரு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உள்ளே போங்கள்.

வீட்டில் இருப்பது என்று முடிவானால்

தெருவைப் பார்க்காத அறையைத் தேர்ந்தெடுங்கள். ஆறு மணிக்கே ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிடுங்கள். ஆறேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கும், பொறுமை இல்லாதவர்கள் அப்போதே ஆரம்பித்துவிடுவார்கள். கதவின் அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தால் புகை குறையும். ஆனால் மூடிய அறை டர்பன் வெக்கையில் வேகும். ஃபேனைப் போட்டு, பிள்ளைக்கு மெல்லிய பருத்திச் சட்டை மட்டும் போடுங்கள். சத்தத்துக்குப் பயந்து போர்வையைச் சுற்றாதீர்கள். லோட்டஸ் எஃப்எம்மில் பாட்டு ஓடட்டும், மெதுவாக, தொட்டிலிலிருந்து தள்ளி. வெடிச்சத்தத்தை அமுக்குவதற்கு அல்ல, அது முடியாது. அமைதிக்கு நடுவே திடீரென்று வெடிப்பதுதான் பிள்ளையை எழுப்பும், பின்னணியில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் திடுக்கிடல் குறையும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு ஏழு மணிக்குப் பால் கொடுக்கத் திட்டமிடுங்கள். சப்பிக்கொண்டிருக்கும் பிள்ளை பாதி வெடியைக் கவனிக்காது.

நாய் இருந்தால் வேறு அறையில் அடைத்துவிடுங்கள். பயந்த நாய் தொட்டிலுக்கடியில் ஒளியும், பிள்ளையின் மேல் பாயும், கடிக்கவும் கடிக்கும்.

ஆனால் சுவரையும் துண்டையும்விட அதிகம் வேலை செய்வது பலகாரத் தட்டு. தீபாவளியன்று இங்கே நாம் தெருவில் யாரையும் விடுவதில்லை. முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு, ஜூலு வீடு எல்லாவற்றுக்கும் தட்டு போகும். வழக்கமாகப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவீர்கள். குழந்தை இருக்கும் வருடம் நீங்களே கொண்டுபோங்கள், குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு. "இவன் பின் அறையில் தூங்குவான், கொஞ்சம் அந்த முனையில் போய் வெடியுங்கள், ஒன்பது மணிக்குமேல் வெடி வேண்டாம், மத்தாப்பு எவ்வளவு வேண்டுமானாலும் கொளுத்துங்கள்" என்று சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இரவு பத்து மணிக்குக் கோபத்தோடு கேட்டருகே போய் நின்றால் வேறு கதை. எத்தனை மணிவரை வெடிக்கலாம் என்று டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சி அறிவிப்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுக்கு வலு கிடைக்கும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பட்டாசு விற்பது இங்கே குற்றம் என்பதையும் பையன்களின் அப்பாக்களுக்கு நயமாக ஞாபகப்படுத்தலாம்.

தெருவே போர்க்களமாகும் இடத்தில் இருப்பவர்கள் பிள்ளையோடு வெளியேறுவதுதான் நல்லது. சுற்றுச்சுவர் போட்ட குடியிருப்பு வளாகங்கள், இங்கே காம்ப்ளெக்ஸ் என்போம், அவற்றில் பலவற்றில் பட்டாசுக்கே தடை. அப்படி ஓர் இடத்தில் நாத்தனாரோ அண்ணனோ இருந்தால், சாயங்கால விளக்கேற்றியதும் பிள்ளையின் பாயையும் பாலையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் இரவு தங்கிவிடுங்கள். என் மருமகள் போன தீபாவளிக்கு அப்படித்தான் செய்தாள். "பண்டிகையன்று வீட்டை விட்டுப் போவதா" என்று என் அக்கா முணுமுணுத்தாள். விளக்கு ஏற்றியாகிவிட்டது, சாமி கும்பிட்டாகிவிட்டது, இன்னும் என்ன இருக்கிறது வீட்டில், புகையைத் தவிர?

உறவுக்காரர்கள் வேறு விதமாகவும் பேசுவார்கள். "நாங்கள் வளர்க்கவில்லையா? பயம் தெளியட்டும்." இவர்களோடு டெசிபல் பேசிப் பிரயோசனமில்லை. "டாக்டர் வேண்டாம் என்றார்" என்று சொல்லிவிடுங்கள். டாக்டர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு படம்தான், பேபியின் முதல் தீபாவளி என்று வாட்ஸ்அப்பில் போட. மத்தியான வெளிச்சத்தில் புதுச்சட்டை போட்டுக் குத்துவிளக்குப் பக்கத்தில் உட்காரவைத்து எடுத்துக்கொடுங்கள். கம்பி மத்தாப்பைக் கையில் பிடித்தபடி குழந்தையை யாரும் தூக்கக் கூடாது. அந்தக் கம்பி எரியும்போது ஆயிரம் டிகிரியைத் தாண்டும், அணைந்த பிறகும் சுடும். அணைந்த கம்பியைப் போட ஒரு வாளித் தண்ணீர் வேண்டும்.

எப்போது கிளம்ப வேண்டும்

அழுகையை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே தெரியும் அடையாளங்கள் சில உண்டு. முதுகை வில்லாக வளைப்பது, முகத்தை உங்கள் தோளுக்குள் புதைப்பது, விரல்களை இறுக்கிக்கொள்வது, பார்வை எங்கேயோ நிலைகுத்தி நிற்பது. இதில் இரண்டு தெரிந்தாலே கிளம்பிவிடுங்கள். இன்னொன்றுதான் எல்லோரையும் ஏமாற்றும். இத்தனை வெடிக்கு நடுவிலும் குட்டிப் பிள்ளை திடீரென்று தூங்கிப்போகும். "பாருங்கள், பயமே இல்லை, சத்தத்திலேயே தூங்குகிறான்" என்று பெருமைப்படுவார்கள். சின்னக் குழந்தைகள் தாங்க முடியாதபோது கண்ணை மூடிக்கொண்டு தன்னை அடைத்துக்கொள்ளும். தூங்கினாலும் காதுக்குள் சத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அன்று இரவும் மறுநாளும்

புகை பட்ட பிள்ளையின் மூச்சைப் படுக்கவைத்து எண்ணுங்கள், முழுதாக ஒரு நிமிடம், அழாமல் இருக்கும்போது. இரண்டு மாதத்துக்குட்பட்டதற்கு 60, ஒரு வயது வரை 50, அதற்குமேல் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரிடம் போங்கள். விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால் காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். டூத்பேஸ்ட், மஞ்சள், வெண்ணெய், முட்டை எதுவும் வேண்டாம். அதையெல்லாம் வார்டில் கழுவி எடுப்பதற்குள் பிள்ளை படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். முகம், கை, பிறப்புறுப்பில் பட்ட சூடு எவ்வளவு சிறிதானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காதிலிருந்து ரத்தமோ நீரோ வந்தால் அன்றே காட்டுங்கள். முன்பெல்லாம் உங்கள் குரலுக்குத் திரும்பிய பிள்ளை ஒன்றிரண்டு நாள் கழித்தும் திரும்பவில்லை என்றாலும் கேட்கும் சோதனைக்கு அழைத்துப் போங்கள். காதுக்குள் இரைகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் மறுநாள் காலை முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் இறக்கிவிட வேண்டும். வெடிக்காத வெடி, மருந்துத் தூள், கருகிய காகிதம் எல்லாம் கிடக்கும். பச்சை நிறத்துக்குப் போடும் பேரியம் உப்பு வயிற்றுக்குள் போகக் கூடாத விஷம். வெடிக்காததைக் கையில் எடுத்துப் பார்க்காமல் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

காதுமூடியைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். தீபாவளிக்கு வாங்கி மிஞ்சியதையெல்லாம் பையன்கள் நவம்பர் 5-ஆம் தேதி வரும் கை ஃபாக்ஸ் இரவுக்கு (வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பட்டாசு இரவு) ஒதுக்கி வைத்திருப்பார்கள். அன்றைக்குப் பலகாரத் தட்டு கிடையாது, அதனால் முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.